மஞ்சள் டேப்

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் ஒரு நூல்தான் இருந்தது. மெக்கானிக் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டான்.

“கண்ணாடியை இறக்கிக்குங்க மாமா.”

“வெளியவே ஆளை வேக வைக்குது. உள்ள ஹீட்டரா?” என்றார் மாமனார்.

“எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நம்ம பக்கம் இழுத்துக்கும்.”

“அதைக் காப்பாத்த நாம வேகணும். சரி, மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சுரங்கப்பாதையில் மூன்று வரிசையாக வண்டிகள் நின்றன. முன்னால் ஏதோ லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடக்கிறதாம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வேன். கதவு பாதிதான் திறக்கும்.

மணி பத்து இருபது. பதினொன்றுக்கு மச்சினன் பஸ் ஏறிவிடுவான். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டானாம். மகனைத் தடுத்து நிறுத்த மாமனார் காலையிலேயே வந்து மாப்பிள்ளையைக் கையோடு இழுத்து வந்திருந்தார். தடுப்பது மட்டுமல்ல.

“பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் முன்னாடி உங்ககிட்ட மன்னிப்பு கேக்க வைக்கிறேன், பாருங்க. பெத்தவன் நான் சொல்றேன், அவன் கையில வேலை நிக்காது.”

மன்னிப்புக்குக் காரணம் இதே கார்தான். மாமனாருடையது. போன மாதம் மெக்கானிக்கின் ஷெட்டில் ரேடியேட்டர் ஃபேனுக்குப் புது மோட்டார் போட்டார்கள். அன்றிலிருந்து நெரிசலில் நின்றால் கொதித்தது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். பைபாஸில் ஓட்டிப் பார்த்தான். முள் நடுவிலேயே நின்றது. மூன்றாம் தடவை கார் கொதித்தபோது அவனும் கொதித்தான். ஷெட்டில் வயரிங் மச்சினன் பொறுப்பு. ஆகவே தப்பும் அவனுடையது.

“ரெண்டு வயரை ஒழுங்கா முறுக்கத் துப்பில்ல,” என்று எல்லார் முன்னாலும் கத்தினான்.

“அது நான் போட்டதில்ல அத்தான்.”

“பின்ன பேய் வந்து போட்டுச்சா?”

மறுநாள் மச்சினன் வேலைக்கு வரவில்லை.

முள் சிவப்பைத் தொட்டது. மெக்கானிக் எஞ்சினை அணைத்து, வயிற்றை எக்கிக்கொண்டு கதவிடுக்கில் வெளியேறினான். பானெட்டைத் தூக்கியதும் ஆவி அடித்தது. மாமனார் தண்ணீர் பாட்டிலோடு பிதுங்கி வெளியே வந்தார்.

“மூடியைத் திறந்து ஊத்திரவா?”

“தொடாதீங்க மாமா. மூஞ்சி வெந்துரும்.”

ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டிலும் ஒவ்வொரு தடவையும் ஓடத்தான் செய்தது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், அவன் அடுத்ததற்குப் போய்விடுவான். இன்று போக இடமில்லை. முன்வண்டிக்கும் இதற்கும் நடுவே ஒடுங்கி நின்றான். முழங்காலில் அனல் காற்று பட்டது.

காற்று அவனை நோக்கி வரக் கூடாது. உள்ளே போக வேண்டும்.

“மாமா, ஒரு தாள் குடுங்க.”

சர்வீஸ் புத்தகத்தில் கிழித்த தாளை முன்கிரில்லில் வைத்தான். பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள், பறந்து வந்து அவன் மூக்கில் அடித்தது.

“எதிர்ப்பக்கமா சுத்துது,” என்றான். “வயர் இடம் மாறியிருக்கு. வண்டி ஓடுறப்ப காத்து தானா வந்துரும், தெரியாது. நின்னா எஞ்சின் சூட்டையே திருப்பி ரேடியேட்டர்ல ஊதும்.”

“நான் சொல்லல? வெளங்காத பய.”

சாவியை உருவிவிட்டு, சூடு தணியக் காத்திருந்து, ஃபேனுக்குப் பின்னால் கையை விட்டான். புது மோட்டாரின் பிளக் பொருந்தாமல் வயரை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

மஞ்சள் டேப்.

ஷெட்டில் மச்சினன் சுற்றினால் சிவப்பு, இவன் சுற்றினால் மஞ்சள். பின்னால் யாரும் கையை விரிக்கக் கூடாது என்று அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே இவன்தான். இப்போது ஞாபகம் வந்தது. மோட்டார் போட்ட அன்று மச்சினன் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போயிருந்தான். பசி வேளை. இவனே முறுக்கினான். ஃபேன் சுற்றியது. பானெட்டைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

“அவன் கைவரிசைதானே?” என்றார் மாமனார்.

“ம்.”

ஒரு எழுத்துதான்.

வயர்களை இடம் மாற்றி முறுக்கினான். வேறு டேப் இல்லாததால் பழையதையே பிய்த்துச் சுற்றினான். ஒரு துண்டு கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினான், போகவில்லை. நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் விட்டான். எஞ்சினைப் போட்டு ஃபேன் ஓடும்வரை காத்திருந்தான். தாள் கிரில்லில் அப்பிக்கொண்டது. முள் நடுவுக்கு இறங்கி நின்றது.

இருவரும் உள்ளே ஏறியபோது மணி பத்து ஐம்பத்தைந்து. ஒரு வண்டியும் நகரவில்லை.

“நேர்ல முடியாது. போன்லயே கேக்கட்டும்,” என்று மாமனார் மகனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். “டேய், மாப்பிள்ளை நடுரோட்டுல நின்னு கண்டுபிடிச்சிட்டார். வயரை மாத்திக் குடுத்திருக்க. கேளுடா மன்னிப்பு.”

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். பிறகு குரல்.

“என்ன கலர் டேப்னு கேளுங்கப்பா.”

மாமனார் திரும்பினார். “என்ன கலர் மாப்பிள்ளை?”

மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். கட்டைவிரல் அவர் கண்ணெதிரே இருந்தது. அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது.

“மஞ்சள்.”

“மஞ்சளாம்டா. அதுக்கு இப்ப என்ன?”

மாமனார் போனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“மஞ்சள் என்னுது மாமா,” என்றான் மெக்கானிக். “நான் போட்டது.” போன் பக்கம் குனிந்தான். “டேய், இறங்கிரு. தப்பு என் மேலதான்.”

“இதை ஷெட்டுல சொல்லுங்க அத்தான். அன்னைக்கு யார் யார் இருந்தாங்களோ அவங்க முன்னாடி. சொல்லிட்டுப் போன் பண்ணுங்க. அப்ப வர்றேன்.” கண்டக்டரின் விசில் கேட்டது. போன் அடங்கியது.

மாமனார் போனைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கையை நீட்டி ஹீட்டரை அணைத்தார். காலையிலிருந்து நூறு தடவை சொன்ன மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

“ஷெட்டுக்கு ஓட்டுங்க,” என்றார்.

முன்வண்டியின் பம்பர் ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது.