கையை விடாதே

முந்தாநாள்வரை அரிப்பு தாங்காமல் அழுதுகொண்டிருந்தவள், நேற்றிலிருந்து சொறியச் சொல்லிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். சாலமோன் மட்டும் நிறுத்தவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மனைவியின் உள்ளங்காலைத் தேங்காய் நாரால் மெள்ளத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நார் பட்ட இடம் சிவக்கவில்லை. எலுமிச்சைத் தோல் மாதிரி அப்படியே கிடந்தது. தலையணை உறையில் அவள் வியர்வை இறங்கிய இடமெல்லாம் மஞ்சள் கறை படிந்திருந்தது.

"போதும் வுடுப்பா. அவளுக்கு எங்க தெரியப்போவுது" என்றாள் பக்கத்து வீட்டு கிரேஸ். அவள்தான் மூன்று நாளாக வேளாவேளைக்கு வந்து மேரிக்குக் கரண்டியில் தண்ணீர் விடுகிறாள்.

"எனுக்குத் தெரியுதுல்லக்கா" என்றான் சாலமோன்.

ஆரோக்கியமேரிக்கு வந்தது மஞ்சள் காமாலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரம்மா நடத்திய நர்சிங்ஹோமில் அவள் ஆயாவாக இருந்தாள். கூட்டுவது, துடைப்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு மலத்தட்டு வைப்பது, போட்ட ஊசிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது எல்லாம் அவள்தான். சித்திரையில் வாந்தி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தடா ஊர் வைத்தியர் கொடுத்த கீழாநெல்லியை மோரில் கரைத்துக் கொடுத்தார்கள். அது உள்ளே தங்கவில்லை. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, ஈரல் போய்விட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள்.

"தண்ணிதான் காரணம். உங்க ஆரம்பாக்கம் தண்ணி சரியில்லை" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதிலிருந்து தெருவே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. ஆனால் சாலமோனுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே பானைத் தண்ணீரைத்தான் அவனும் குடித்தான். அவன் தங்கை சின்னப்பொண்ணும் குடித்தாள். இருவருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.

மேரி கண்ணைத் திறந்தாள். இத்தனை தெளிவாக அவள் பார்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"சின்னப்பொண்ணு எங்க?"

சாலமோன் நாரைப் போட்டுவிட்டு அவள் முகத்தருகே வந்தான். "வேலைக்குப் போயிருக்கா மேரி."

"இன்னா வேலைக்கு?"

"உன் வேலைக்குத்தான். நீ தேறி வர்ற வரிக்கும் ஊட்ல இருந்து யாரனா வாங்கன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்ச்சாங்க. உனுக்கு எடம் போயிடக் கூடாதுல்ல."

மேரியின் கை படுக்கையிலிருந்து எழுந்தது. விரல்கள் காற்றில் எதையோ தட்டிவிடுவதுபோல் ஆடின. "கைய வுடாத" என்றாள். "கைய வுடாத... சொல்லு... கைய வுடாத."

சாலமோன் அந்தக் கையைப் பிடித்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டான். "வுடமாட்டேன் மேரி. நான் எங்க போயிடுவேன்?"

அவள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். தான் சொன்னது அது இல்லை என்பதுபோல.

கிரேஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஜெபம் பண்றாப்பா. கைவிடாதேயும் ஆண்டவரேன்னு கேக்கறா. கேளு."

"சின்னப்பொண்ண கூப்புடு" என்றாள் மேரி. அதற்குமேல் வார்த்தை குழறியது. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"போய் இட்டாந்துடு. நான் பாத்துக்கிறேன்" என்று கிரேஸ் அவனைத் தள்ளினாள். சாலமோன் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தான். ரோட்டில் கையைக் காட்டி நிறுத்திய உப்பு லாரியில் ஏறி, மூட்டைமேல் உட்கார்ந்து போனான். வயல்களில் அனல் பறந்தது. வழியெல்லாம் அவள் தலையசைத்தது மட்டும் அவன் கண்முன்னே நின்றது.

நர்சிங்ஹோம் வாசலில் பெஞ்சு நிறைய நோயாளிகள். சாலமோன் பக்கவாட்டு வழியாகப் பின்கட்டுக்குப் போனான். அங்கே ஒரு ஸ்டூலின்மேல் எனாமல் பேசின். டெட்டால் கலந்த தண்ணீர் மோர்போல வெளுத்திருந்தது. அடியில் இருப்பது எதுவும் தெரியவில்லை. காலையிலிருந்து போட்ட ஊசிகளையும் கண்ணாடிக் குழாய்களையும் ஒன்றாக அதற்குள்தான் போட்டிருந்தார்கள். சின்னப்பொண்ணு முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளைத் தண்ணீருக்குள் தங்கையின் கை காணாமல் போயிருப்பதைச் சாலமோன் பார்த்தான். ஏனென்று தெரியாமலே ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். பேசின் சரிந்தது. தண்ணீர் சிமென்டுத் தரையெங்கும் ஓடியது. குழாய்கள் இரண்டு உடைந்தன. ஊசிகள் சிதறி வெயிலில் மின்னின.

"ஐயோ, இன்னாண்ணா இது! டாக்டரம்மா கொன்னுடுவாங்க" என்று சின்னப்பொண்ணு பதறிக் குனிந்தாள். ஊசிகளை வாரிக் கூட்ட இரண்டு கையையும் நீட்டினாள்.

"கைய வுடாத!"

கத்தியது தான்தான் என்பது சாலமோனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. காலையில் கேட்ட அதே சொல். அவன் அப்படியே சுவரில் சாய்ந்தான். மேரி ஜெபம் பண்ணவில்லை. அவனையும் கேட்கவில்லை.

"என்ன சத்தம் அங்கே?" உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல்.

"ஒண்ணும் இல்லை டாக்டர். பேசின் தவறிடுத்து" என்று பதில் சொல்லிக்கொண்டே கம்பவுண்டர் வீரராகவன் பின்கட்டுக்கு வந்தார். திருவள்ளூர்க்காரர், நெற்றியில் நாமம், வெள்ளை அரைக்கைச் சட்டை. தரையைப் பார்த்தார். சாலமோனின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய், கண்ணாடி பீரோவைத் திறந்து, நீளமான இடுக்கி ஒன்றை எடுத்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஒவ்வொரு ஊசியாகக் கவ்வித் தட்டில் போட்டார். டிங். டிங். அவர் விரலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"இந்த இடுக்கி இங்கதான் இருந்துச்சா சார்?" என்றான் சாலமோன்.

"டாக்டரோட பீரோவிலே."

"எம் பொஞ்சாதி இதாலதான் எடுப்பாளா?"

வீரராகவன் அடுத்த ஊசியைத் தேடினார். "இதால எடுத்தா நேரமாகும்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சாலமோன் வேலை செய்த டின் ஃபேக்டரியில் ராஜமாணிக்கம் என்பவனுக்குப் பிரஸ்ஸில் விரல் போனது. அன்று ரத்தம் கூரைவரை தெறித்தது. எல்லோரும் பார்த்தார்கள். மறுவாரமே மெஷினுக்குக் கம்பிக்கூண்டு மாட்டிவிட்டார்கள். ஊசி குத்தினால் ரத்தம் தெறிக்காது என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் தங்கையின் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது. ஊறி, வெளுத்து, பாதி அவிழ்ந்திருந்தது.

"இது இன்னா?"

"அருவாமணை பட்டுட்ச்சு."

சாலமோன் துணியைப் பிரித்தான். வெட்டு எதுவும் இல்லை. விரல்நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி.

"எப்ப?"

"போன வாரம். எறும்பு கடிச்சாப்போலத்தான் இருந்துச்சு. அண்ணியே எவ்ளோ வாட்டி குத்திக்கினாங்களாம், ஒரு தபா சொல்லியிருக்காங்க."

வீரராகவனின் கையில் இடுக்கி அசையாமல் நின்றது.

அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் திரும்பினார்கள். ஆரம்பாக்கத்தில் இறங்கித் தெருமுனை திரும்பும்போதே கிரேஸ் வாசலில் நிற்பது தெரிந்தது. அவள் தலையில் முக்காடு இல்லை. சின்னப்பொண்ணு ஓடினாள். சாலமோன் ஓடவில்லை.

"நீ போயி ரொம்ப நேரம்கூட ஆவலப்பா" என்று கிரேஸ் அழுதாள். "கடைசி மூச்சுலகூட அதேதான் சொன்னா."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையை அவன் உள்ளே எடுத்து வைத்தான். இன்னும் சூடு இருந்தது.

சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஐயா குழியின் தலைமாட்டில் நின்று, "நம்முடைய அன்புச் சகோதரி, என்னைக் கைவிடாதேயும் என்று கடைசி மூச்சுவரைக்கும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்" என்றார். பெண்கள் விம்மினார்கள். கிரேஸ் அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். சாலமோன் குழிக்குள் பார்த்தபடி நின்றான். சொல்ல வாயெடுத்தான். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டான்.

வீரராகவன் வந்திருந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் மாலையோடு நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு சாலமோன் அவரிடம் போனான். சின்னப்பொண்ணு சற்றுத் தள்ளி வந்தாள்.

"தண்ணி இல்ல. அப்டித்தான சார்?"

வீரராகவன் மாலையைக் கைமாற்றிக்கொண்டார். "மாசி மாசம் ஒரு லாரி டிரைவர் வந்தான். மேலெல்லாம் மஞ்சள். அவனுக்குப் போட்ட ஊசி மேரி கையில ஏறிடுத்து. நான் பக்கத்துலதான் இருந்தேன். சுண்ணாம்பு தடவிக்கோன்னேன். அதுக்குமேல எனக்குத் தோணலை."

"அந்த டிரைவரு?"

"திரும்பி வரலை. என்ன ஆனான்னு தெரியாது."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் ரோட்டுப் பக்கம் பார்த்தார். "ஊசி குத்தாத கை எங்க ஆஸ்பத்திரியிலே கிடையாது சாலமோன். என் கையிலயும் குத்தியிருக்கு. ராத்திரி படுத்தா அதுதான் நினைப்பு."

சாலமோன் குரலைத் தாழ்த்தினான். "எத்தினி நாள்ல தெரியும்?"

யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று அவர் கேட்கவில்லை. "சில பேருக்கு ரெண்டு மாசம். சில பேருக்கு ஆறு மாசம்கூட ஆகும். ஒண்ணுமே வராமலும் போகலாம். நிறைய பேருக்கு அப்படித்தான். பாத்துண்டே இருக்கணும்."

"பாத்துக்கினே இருந்து?"

வீரராகவன், "டாக்டர் சொல்லியனுப்பினா. திங்கட்கிழமையிலேருந்து சின்னப்பொண்ணு வரலாமாம். வேலை நிரந்தரம்" என்றார். சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை.

"அவ வரமாட்டா."

"வருவேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

சாலமோன் திரும்பினான். காட்டுப்பள்ளியில் புருஷன் வீட்டில் அடிபட்டு, ஒரு துணி மூட்டையோடு வந்து சேர்ந்தவள். வந்ததிலிருந்து அவன் முன்னால் அவள் நிமிர்ந்து பேசியதில்லை.

"இன்னா பேசற நீ? உங்கண்ணிய இப்பத்தான் குழில வெச்சுட்டு வரோம்."

"தெரியும்ணா. நான் போவலன்னா வேற எவளனா ஒருத்திய கூப்புடுவாங்க. அந்தத் தண்ணிக்குள்ள இன்னா கீதுன்னு அவளுக்கு யாரு சொல்லுவா? அண்ணிக்கு யாரும் சொல்லல. எனுக்கும் சொல்லல." அவள் கம்பவுண்டரைப் பார்த்தாள். "அந்த இடுக்கிய பீரோல இருந்து எடுத்து வெளிய வைங்க சார். ஊசியும் குழாயும் தனித்தனியா போடச் சொல்லுங்க. நான் கைய வெச்சு எடுக்கமாட்டேன். நேரமானா ஆவட்டும், யாரும் திட்டக் கூடாது. அப்பத்தான் வருவேன்."

"டாக்டர்கிட்டே சொல்றேன்மா."

"சொல்றேன்னா?"

வீரராகவன் சட்டைப்பையைத் தடவினார். உள்ளே ஏதோ கிணுங்கியது. "வெச்சுடறேன்" என்றார். "பீரோ சாவி என்கிட்டேதான் இருக்கு."

அதைச் சொன்ன பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. மாலையைச் சாலமோனின் கையில் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது வீட்டில் யாரோ சமைத்து வைத்த சோறு அப்படியே இருந்தது. சாலமோன் முற்றத்தில் நின்றிருந்தான். வயலுக்கு அப்பால் சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு கடந்து போனது. சின்னப்பொண்ணு தண்ணீர் தெளிக்க வாளியோடு வெளியே வந்தாள்.

"இங்க வா."

"இன்னாண்ணா?"

"வெளிச்சத்துல நில்லு."

அவள் வாளியை வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றாள். சாலமோன் கட்டைவிரலால் அவளுடைய கீழிமையை இழுத்தான். ராத்திரி முழுக்க அழுத கண். ரத்தமாகச் சிவந்து கிடந்தது. அவன் மற்றக் கண்ணையும் பார்த்தான். இரண்டிலும் வெள்ளை என்று ஒரு இடம் இல்லை.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. போயி மூஞ்சி கழுவிக்கினு வா."

அவள் தொட்டியடிக்குப் போனாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. வெயில் ஏற ஏற, சாலமோன் அந்த இடத்தை விட்டு நகராமல் அவள் திரும்பி வருவதற்காக நின்றிருந்தான்.