மூன்றாம் கவாத்து

என் அகத்துக்காரர் ரயில்வே ஆபீசில் கால அட்டவணை எழுதுகிறவர். நஞ்சன்கூடு வண்டி எந்த நிமிஷம் வரும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, மல்லிகையையும் நேரத்துக்கு வரவழைக்கலாம் என்று தோன்றிவிட்டது. எல்லாம் ஸரஸாவுக்காக. எங்களுக்கு ஒரே பெண், பத்தொன்பது வயசு. ஐம்பதாம் வருஷம் ஐப்பசியிலிருந்து க்ஷயரோக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பங்குனியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். "அப்போ நம்ம மல்லி பூத்திருக்கும். இங்கே கொண்டு வராதேங்கோ. ஆத்துக்கு வந்து நானே பறிச்சு வெச்சுக்கறேன்" என்றாள் ஸரஸா. மார்கழியில் இவர் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவினார். அது கவாத்து முறைதான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

பங்குனியில் செடி கொள்ளாமல் மொட்டு. டாக்டரோ சித்திரைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இவர் கத்தரியைத் தேடினார்.

"ஏன்னா, அரும்போட வெட்டறது பாவம்" என்றேன்.

"இப்போ வெட்டினா நாற்பது நாள்லே திரும்பப் பூக்கும். குழந்தை வரச்சே சரியா இருக்கும்."

கிளையைப் பிடித்துக் கொடுத்தவள் நான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சொன்னபடி சித்திரைக் கடைசியில் மறுபடி மொட்டுக் கட்டியது. இன்னும் நாலு நாளில் பூக்கும் என்றிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆனியில் பார்க்கலாம் என்றார் டாக்டர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குப் புரிந்தது. இவருக்கும் புரிந்திருக்கும். வெட்டாமல் விட்டால், குழந்தை வரமாட்டாள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். திங்கட்கிழமை காலையிலேயே கத்தரியோடு இறங்கினார். இந்தத் தடவையும் நான்தான் கிளையைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாதம்மா வந்தாள். கொள்ளேகால் பக்கத்துக்காரி, ஸரஸாவின் வார்டில் பெருக்குகிறவள்.

"காலையிலிருந்து பாப்பாவுக்கு ரத்தமா வருதுங்கம்மா. உங்க ஊட்டுச் செடிப் பூ ஒரு கை கொண்டாரச் சொல்லுச்சு. இனி அங்க வந்து பறிக்க முடியாதுன்னு சொல்லுச்சுங்க."

கொல்லைக்கு ஓடினேன். செடியில் குச்சிதான் இருந்தது. குப்பைக்குழியைக் கிளறினேன். வெட்டிப் போட்ட மொட்டெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. விட்டுவைத்திருந்தால் அன்றைக்குத்தான் பூத்திருக்கும்.

இவரை ஆபீசிலிருந்து கூப்பிட்டுக்கொண்டேன். மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனோம். மைசூரில் மல்லிகைக்கா பஞ்சம். ஸரஸாவுக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. நான்தான் பூவை மூக்கருகே பிடித்தேன்.

"நம்மாத்துதா, அம்மா?"

"நம்மாத்துதுதான்."

அவள் விரல் சரத்தின் நுனியைத் தடவியது. எங்கள் வீட்டில் பூக் கட்டுவது எப்போதும் நூலில்.

"வாழைநாரிலே கட்டியிருக்கே" என்றாள்.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஸரஸா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

ஆனி மாசம், வெட்டிச் சரியாக நாற்பதாவது நாள், செடி நிறையப் பூத்தது. பூக்கூடையை வைத்துக்கொண்டு இவர் அதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒரு நாள் தப்பலே" என்றார்.

 உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்தேன். "வேண்டாம்டி" என்றார். நான் அடியோடு வெட்ட ஆரம்பித்தேன். கிளையைப் பிடித்துக்கொடுக்க அவர் வரவில்லை.