தெற்கே சாய்ந்த கட்டடம்

"அப்பா செத்த கட்டடம் எந்தப் பக்கம் சாஞ்சிச்சு மாமா? அத சொல்லுங்க. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

பாக்கியசாமி மாமாவிடம் இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். குஜராத் பூகம்பத்தின்போது எனக்கு மூன்று வயது. திண்டிவனத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன கூட்டத்துக்கு இவர் மேஸ்திரி. கம்பி கட்டிய சகாயராஜ் என் அப்பா. பெரிய ஆட்டத்தில் எல்லோரும் தப்பித்தார்கள். பின்னால் வந்த சின்ன ஆட்டத்தில் அப்பா செத்தார். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது மாமா கான்ட்ராக்டர். அவர் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மா இருக்கிறாள். அவர் ஆபீஸில் நான் என்ஜினியர்.

மேசைமேல் விழுப்புரம் பெண்கள் ஹாஸ்டலின் வரைபடம். கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள், மேலே நாலு மாடி. திங்கட்கிழமை பெண்கள் குடிவருகிறார்கள். கட்டடம் உறுதியானது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். தூண் சுவரை விட்டுத் துருத்தக் கூடாது என்பது நம்மூர் மேஸ்திரிகளின் பிடிவாதம். அதற்காகப் பலகைபோலத் தட்டையான தூண்களையெல்லாம் ஒரே பக்கம் பார்த்து வைப்பார்கள். நான் பாதியைத் திருப்பி வரைந்திருந்தேன். சைட்டில் அதையும் மற்றவை பார்க்கும் பக்கமே திருப்பிவிட்டார்கள். தரை கிழக்கு மேற்காக ஆடினால் கட்டடம் நிற்கும். வடக்கு தெற்காக ஆடினால், நிறுத்தி வைத்த சீட்டுகளைப் போல மொத்தமும் ஒரு பக்கம் போய்விடும். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் கண் தூணைத் தேடுகிறது. லாரி போய் டம்ளரில் தண்ணீர் அசைந்தால், அலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறேன். முகம் நினைவில்லாத ஒருவர் ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் எம்.இ. படித்தேன் என்பதற்காகத் திண்டிவனத்துக்குப் பூகம்பத்தைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேனா என்று மாமா முதலில் கிண்டல் செய்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"மொத ஆட்டத்துல சிமெண்ட் மூட்டையெல்லாம் கெழக்கால சரிஞ்சிச்சு. பில்டிங் கம்முனு நின்னுக்கினு இருந்துச்சு. பெருசுக்கே நின்னது, இனிமே என்னா ஆவப் போவுதுன்னு நெனச்சேன். செம குளிரு. பசங்க நடுங்கிக்கினு இருந்தானுங்க. உங்கப்பன் உள்ள போவ பயந்தான். நான்தான், ஒண்ணும் ஆவாது, ஜல்தியா போர்வைய எடுத்துக்கினு வாடான்னு அனுப்பிச்சேன்."

"எந்தப் பக்கம் மாமா?"

"தெக்கால. ரோட்டு மேல."

"தூணு?"

வரைபடத்தின்மேல் விரலை வைத்தார். "இதே மாதிரிதான். நாங்க வச்சதுதான்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்கப்புறம் எத்தினி கட்டிட்டேன் லூர்து. எல்லாமே இப்பிடித்தான். எல்லாமே நிக்குதும்மா."

இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனுக்குத் தெரியும். விழுந்த பக்கமும் தெரியும், விழுந்த காரணமும் கையில் இருந்தது. நின்றுகொண்டிருக்கிற கட்டடங்களைக் காட்டிக் காட்டியே அதை மறந்திருக்கிறார். கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா இந்நேரம் துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டின் தூண்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். உங்கம்மாவை நினைச்சிப் பாரு என்றார்.

"நெனச்சிட்டுத்தான் மாமா காலைல கலெக்டர் ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஹாஸ்டல்ல தூணு எப்பிடி நிக்குதுன்னு போட்டோவோட. இந்தக் கேள்விய கேக்கத்தான் இங்க வந்தேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. நான் வெளியே வந்தேன். வாசலில் ஹாஸ்டலுக்குப் போகிற இரும்புக் கட்டில்களை ஏற்றிய மினி லாரி ஒன்று, இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. அடுக்கிய கட்டில்கள் எல்லாம் ஒரே பக்கமாக நடுங்கிக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த டிரைவர், விழுப்புரம்தான் போவுது, வர்றீங்களாக்கா என்று கேட்டார். நான் நிற்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன்.