இடஞ்சுழி

"இதுக்கு மேல வண்டி போவாதும்மா" என்று சொல்லி வேன்காரன் எஞ்சினை நிறுத்தினான்.

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். பௌர்ணமி. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. சில வருஷங்களாகத்தான் இந்தக் கூட்டம். முன்பெல்லாம் பௌர்ணமிக்கு நாலு சாமியாரும் நாற்பது உள்ளூர்க்காரரும் நடப்பார்கள். திரௌபதி வேனுக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தாள். இத்தனை பேருக்கும் மலையைச் சுற்றிவரத் தெம்பு இருந்தது. அவளுக்கு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே தெம்பில்லை.

காலடியில் அவள் புருஷன் காசி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள், வரும்போதே உயிர் இல்லை என்று. பிறகு இந்தக் கையெழுத்து, அந்தக் கையெழுத்து, வேனுக்கு அலைச்சல். பகல் முழுக்க ஓடிப்போயிற்று. வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் காத்துக்கிடந்தது.

காசியின் தம்பி மாறன் இறங்கிப் போய்ப் போலீஸ்காரரிடம் கெஞ்சினான். அவர் ஒன்றும் கெட்ட மனுஷனில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"நான் விட்டாலும் எப்படிப்பா போவே? நீயே பாரு. நேரம் ஆவ ஆவ ஜாஸ்திதான் ஆவும், கம்மி ஆவாது. ஏரி வழியா சுத்திப் போயிடேன்."

"ஏரியில சேறு சார். இந்த வேனு முழுகிடும்."

மாறன் திரும்பி வந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்சீட்டில் இருந்த மெக்கானிக் முருகையன் தொண்டையைச் செருமினான். காலையில் காசியை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அப்போதிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கூடவே இருந்தான்.

"ஷெட்டுல ஜீப்பு நிக்குதுக்கா" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

அந்தப் பேச்சை யாராவது எடுப்பார்கள் என்று திரௌபதிக்குத் தெரியும். முருகையன் ஷெட் இங்கிருந்து கூப்பிடு தூரம். மடியில் இருந்த மஞ்சள் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஜீப்பைப் பற்றி அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில் கேட்டால் குழந்தைகூடச் சிரிக்கும். லாரி ஓட்டி அலுத்துப்போன காசி, ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். ஜவ்வாது மலைக்குச் சாமான் ஏற்றி விடலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று கணக்குப் போட்டான். அந்த எஞ்சினோ பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. அப்போதுதான் திரௌபதியின் அப்பா வீட்டுக் கிணற்றடியில் சும்மா கிடந்த டீசல் எஞ்சின் அவன் கண்ணில் பட்டது. கரண்ட் மோட்டார் வந்த பிறகு அதில் கோழிதான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தான். அவனும் முருகையனுமாக மாதக்கணக்கில் வெட்டி, ஒட்டி, ஜீப்புக்குள் அதை உட்காரவைத்தார்கள்.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. முதல் கியரைப் போட்டதும் ஜீப் பின்னால் போயிற்று. இரண்டாவது போட்டால் இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று.

"இது எடஞ்சுத்து எஞ்சின்க்கா" என்று முருகையன் அன்றைக்குத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எல்லா வண்டியும் ஒரு பக்கம் சுத்துனா, இது எதிர்ப்பக்கம் சுத்துது."

அப்போதுதான் திரௌபதிக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் கிணற்றடியில் பெல்ட்டைக் குறுக்கே எட்டுப் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் பம்ப் சரியான பக்கம் சுற்றும். அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்த்த பெல்ட். அது ஏன் குறுக்கே கிடக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. ஜீப்புக்கு எட்டுப் போட முடியாது.

ரிவர்ஸ் கியரைப் போட்டால் ஜீப் முன்னால் போகும் என்று கண்டுபிடித்துச் சில நாள் ஓட்டினான் காசி. அந்த ஒற்றைக் கியரே எல்லாப் பாடும் பட்டு, அதற்கும் பல் போயிற்று. அதன்பிறகு ஜீப் பின்னால் மட்டும்தான் போகும். 'ரிவர்ஸ் காசி' என்ற பேர் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரரு மொகத்தக் காட்டிட்டு வருவாரா, முதுகக் காட்டிட்டு வருவாரா?" என்று கேட்டாள். பக்கத்து இலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரௌபதி பாயசம் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

இன்று காலையில் சொன்னாள். "அந்த எஞ்சின எறக்கி பழைய இரும்புக்குப் போட்டுட்டு வந்தா வீட்டுல சோறு. இல்லாட்டி ஷெட்டுலயே கெட."

காசி கூழைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "சரி, எறக்கிடறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் இப்படி ஒரே வார்த்தையில் சரி என்றதில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கூப்பிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை.

முருகையன் டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது, காசி ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்தபடி.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தார்கள். அவள் அதை மஞ்சள் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டாள். காசிக்கு ஒரு பழக்கம். கழற்றிய போல்ட்டைக் கீழே வைக்கமாட்டான், சட்டைப் பையில்தான் போட்டுக்கொள்வான். அவன் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் கல்லில் இரும்பு மோதும். பை கிழிகிறது, கறை போகமாட்டேன் என்கிறது என்று அவள் திட்டாத நாளில்லை.

இப்போது அந்தச் சட்டையில் போல்ட் இருந்தால், அவள் பேச்சுக்காகக் குனிந்து முக்கித் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அவன் நெஞ்சு நின்றிருக்கிறது. இல்லாவிட்டால், சரி என்று பொய் சொல்லிவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி போயிருக்கிறான். பை கனமாகத்தான் இருந்தது. சாவிக்கொத்தும் கனம்தான், லைட்டரும் கனம்தான். காலையிலிருந்து அவள் அந்த முடிச்சின்மேல் கைவைத்தபடியே இருந்தாள், அவிழ்க்கவில்லை.

"என்ன அண்ணி, ஜீப்புல கொண்டு போலாமா?" என்று மாறன் கேட்டான். "சுத்தியும் பாக்கிறவங்க சிரிக்கப்போறாங்க."

"போலாம்" என்றாள்.

ஷெட்டுக்கு முருகையனோடு அவளும் நடந்தாள். ஜீப் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்தபடி கிடந்தது, அதன்மேல் ஒரு ஸ்பேனர்.

"முருகையா, நீ டீக்குப் போறப்ப அவரு இன்னா பண்ணிட்டு இருந்தாரு?"

"சும்மாதான்க்கா குந்தினு இருந்தாரு." பானெட்டைத் தூக்கி இடப்பக்கமாக எட்டிப் பார்த்தான். "ஒண்ணும் தொடல. எல்லாம் அப்படியேதான் இருக்குது."

கைப்பிடியை மாட்டி முருகையன் சுற்றினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிப் பிடித்துக்கொண்டது. டுப், டுப், டுப் என்று அவள் பிறந்த வீட்டுச் சத்தம். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இறக்க ஆரம்பித்த எஞ்சின் இப்படி ஓடுமா? பொய்யன். சரின்னு தலையாட்டிவிட்டு இங்கே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நல்லவேளை பொய் சொன்னான் என்று மனசு ஆறியது. காலையிலிருந்து முதல்முறையாக முருகையனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஜீப்பை வேன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, காசியைத் தூக்கி அதன் பின்பக்கம் கிடத்தினார்கள். தலைமாட்டில் மாறன், கால்மாட்டில் அவள். முருகையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தான். ஜீப் பின்னால் போகிற ஜீப்பாதலால் எல்லோருக்கும் முன்னால் திரௌபதிதான் இருந்தாள். அவள்தான் வழி சொல்ல வேண்டியிருந்தது.

"கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் ஒடி. கல்லு இருக்குது. இப்போ நேரா வா."

ஏரிக்குள் இறங்கியதும் சேறு. சக்கரம் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்துப் போனது. கருவேல முள் இரண்டு பக்கமும் கீறியது. காசியின் கால் ஆடாமல் இருக்க அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மலை இடப்பக்கம் வந்தது, பிறகு வலப்பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் ரோட்டில் அரோகரா சத்தம் கேட்டபடி இருந்தது. இந்த வண்டி போகவேபோகாது என்று நான் நினைத்தேன், சேற்றில் எப்படிப் போகிறது பார் என்று காசியிடம் சொல்லவேண்டும்போல இருந்தது.

ஏரி நடுவில் எஞ்சின் குதிக்க ஆரம்பித்தது. தட்டுகிற சத்தம் கேட்டது. ஜீப் முழுக்க உதறியது. முருகையன் அவசரமாக நிறுத்தி இறங்கி, இந்தத் தடவை வலப்பக்கமாகப் போய்ப் பானெட்டுக்குள் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"இன்னாடா?" என்றான் மாறன்.

"இந்தப் பக்கம் எஞ்சினப் புடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டும் இல்லண்ணே. நான் அந்தப் பக்கம் மட்டும் பாத்துட்டு எடுத்துட்டேன்." அவன் திரௌபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஷெட்டுல சாக்குக்கு அடியில கெடக்கும். ஓடிப்போயி எடுத்தாறேன்."

"அங்க இருக்காது" என்றாள் திரௌபதி.

பையின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். சட்டையை வெளியே எடுக்காமல் கையை விட்டுத் துழாவினாள். பீடிக்கட்டு. லைட்டர். சாவி. அதற்கடியில் குளிர்ந்த இரும்பு. போல்ட் இரண்டு, நட்டை அதனதன் போல்ட்டிலேயே மாட்டி வைத்திருந்தான்.

கையை நீட்டினாள். முருகையன் வாங்கிக்கொள்ளாமல் நின்றான்.

"நான்தான் எறக்கச் சொன்னேன்" என்றாள். "காலையில. எறக்கலன்னா அங்கயே கெடன்னேன்."

"அக்கா, ரெண்டு போல்ட்டு கழட்டறதுக்கெல்லாம் யாருக்கும் உயிரு போவாது. அவரு தூக்காத பாரமா?"

"தெரியும். ஆனா கழட்டிக்கிட்டுதான இருந்தாரு."

முருகையன் கையை நீட்டினான். போல்ட்டை வாங்கிப் பானெட்டுக்குள் வைத்துப் பார்த்தான். மேலே ஒரு ஆள் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் கீழே நட்டை முறுக்க முடியும். "மாறண்ணே, கொஞ்சம் எறங்கி வா" என்று கூப்பிட்டான்.

"நீ அவரு தலையப் புடிச்சுக்க மாறா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். சேறு கணுக்கால்வரை ஏறியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. முருகையன் கொடுத்த ஸ்பேனரைப் போல்ட்டின் தலையில் மாட்டி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வுட்டுடாத அக்கா. சுத்திக்கும்."

"விடல. நீ முறுக்கு."

அவன் கீழே படுத்து முறுக்கினான். ஒவ்வொரு முறுக்கும் அவள் தோள்வரை வந்தது. காசியும் இப்படித்தான் குனிந்து, இப்படித்தான் மூச்சைப் பிடித்திருப்பான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. ஒன்று முடிந்ததும் தானாகவே ஸ்பேனரை அடுத்ததற்கு மாற்றினாள்.

"போதும்க்கா. இறுகிடுச்சு."

"இன்னொரு தபா முறுக்கு" என்றாள்.

அதன்பிறகு ஜீப் உதறவில்லை. கரையேறி, தோப்பு வழியாக வந்து, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. நடந்து வந்தவர்கள் ஒரு ஜீப் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவதைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு திரௌபதியையும் அவள் பிடித்திருந்த காலையும் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்து வழிவிட்டார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. "நேரா வா முருகையா, நேரா வா" என்று சத்தமாகவே சொன்னாள்.

வீட்டில் நார்க்கட்டிலை வெளியே போட்டு வைத்திருந்தார்கள். காசியின் தங்கை ஆதிலட்சுமி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். திரௌபதி அவர்களுக்கு நடுவில் நின்றாள். இவ்வளவு பேரோடு சேர்ந்து அழுவதற்குக்கூட அவளுக்கு அசதியாக இருந்தது.

குளிப்பாட்டுவதற்குமுன் எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். கிண்ணத்தில் நல்லெண்ணெயும் சீயக்காயும் வந்தன. ஒவ்வொருவராகத் தொட்டுக் காசியின் தலையில் வைத்தார்கள். அவள் முறை வந்தபோது ஆதிலட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணி, கையெல்லாம் இன்னா இப்படிக் கிரீசு? தண்ணி ஊத்துறேன், கழுவிட்டு வந்து வைங்க."

"இருக்கட்டும்" என்றாள் திரௌபதி.

எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்து, நெற்றிவரை தேய்த்து இழுத்தாள். நரைத்த முடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஆதிலட்சுமி துடைக்க ஈரத்துண்டை எடுத்தாள். அண்ணியின் கையைப் பார்த்தாள். துண்டைத் திரும்பக் குடத்தின்மேலேயே போட்டுவிட்டாள்.