மதிய அமைதி நேரம்

ஜனவரி மாதத்து உறைபனிக் குளிரில் கடற்கரையில் போய் முகாம் போடுகிறவர்களுக்கு மூளை கழன்றுவிட்டது என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். என் தலையெழுத்து, என்னைப் பெற்றவள் அப்படிப்பட்டவள். நான் கட்டிக்கொண்ட ஆர்னோவும் அப்படிப்பட்டவர். மாமியாரும் மருமகனும் ஒரே கட்சி. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. கட்சி மட்டும் கலையவில்லை. அவளுடைய பிறந்தநாள் வாரம் வந்தால் போதும், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள அவளுடைய பழைய குட்டிக் கேரவன் வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆர்னோ டார்ஸ் கடற்கரையில் கேரவன்கள் நிறுத்தும் முகாமுக்குக் கிளம்பிவிடுவார். நான் திட்டிக்கொண்டே கம்பளிகளை மடித்து வைப்பேன்.

இந்த வருஷம் திட்டவில்லை. என் தம்பி ஹென்னிங் வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

அம்மாவை அடக்கம் செய்த வாரத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. காரணம் இந்தக் கேரவன்தான். நான் எடுத்துக்கொண்டேன், அவனுக்குப் பொறுக்கவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினால் பதில் வராது. போன மாதம், எனக்கே என்னவோ போலிருந்த ஒரு சாயங்காலத்தில், "அம்மா பிறந்தநாளுக்கு டார்ஸுக்கு வா, கேக் வாங்கி வைக்கிறேன்" என்று செய்தி அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "ஒரு மணிக்கு வரேன். காபி மட்டும்."

ஹென்னிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்டுகளைச் சோதனை செய்து சான்று கொடுக்கும் வேலை அவனுக்கு. பால் டப்பாவின் பின்னால் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிப்பான். அதைவிட மோசம், சின்னதாக ஒன்று கோணினாலும் திரும்பிப் போய்விடுவான். சித்தி மகள் கல்யாணத்தில் சாப்பாட்டு மேசையில் அவன் பெயர் எழுதிய அட்டை இல்லை என்று, கையில் பரிசுப்பொட்டலத்தோடு வந்தவன் அப்படியே காரை எடுத்துக்கொண்டு போனான். சித்தி வீட்டு வாசலை அதன்பிறகு மிதிக்கவே இல்லை. இன்றைக்கு இங்கிருந்து திரும்பினான் என்றால் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று நினைத்த அன்றைக்குத்தானா இப்படி நடக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் உறைந்து கிடந்தது. காஸ் அடுப்பு பற்றிக்கொள்ள மறுத்தது. கழிவறைக்குப் பைன் மரங்களுக்கு நடுவே காற்றில் தள்ளாடிக்கொண்டு போய்வர வேண்டியிருந்தது. முந்நூறு வண்டி நிற்கக்கூடிய அந்த இடத்தில் அன்றைக்கு எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. "எவ்வளவு அமைதி பாத்தியா," என்றார் ஆர்னோ, கடலின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தி.

"அமைதியக் கொண்டு போய் அடுப்புல வைங்க. காபி போடணும்," என்றேன்.

எப்படியோ அடுப்பைப் பற்ற வைத்தார். கசகசா கேக்கை மேசையில் வைத்தேன். ஒரு மணி ஆயிற்று. ஹென்னிங்கைக் காணோம். சொன்ன நேரத்துக்கு அவன் வராமல் இருந்ததே கிடையாது. வரவில்லை, முடிந்தது கதை என்று நினைத்தபோது நுழைவாயில் பக்கம் கார்ச் சத்தம் கேட்டது. காலணியின் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடினேன்.

நுழைவாயிலில் ரயில்வே கேட் மாதிரி சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பம் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் அவனுடைய சாம்பல் நிறக் கார். பக்கத்தில் பலகை. மதிய அமைதி நேரம், ஒன்று முதல் மூன்று வரை. வாகனங்கள் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது, சத்தம் கூடாது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. அலுவலகச் சன்னலில் விளக்கு இல்லை.

ஹென்னிங் இறங்கிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முடி நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"லேட்டு," என்றேன். ஆறு வருஷம் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. என் வாயை என்ன செய்வது.

"முன்னாடி டிராக்டர் போச்சு."

"முந்திக்கிட்டு வர வேண்டியதுதானே."

"நடுவுல முழுக்கோடு போட்டிருக்கு. முந்தக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சாலையில் ஜனவரியில் எதிரே வருவதற்கு மான்களைத் தவிர யாரும் கிடையாது. ஆனால் முழுக்கோடு முழுக்கோடுதான். நான்கு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் கம்பம் திறந்திருக்கும், இந்நேரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்போம்.

"சரி, காரை இங்கயே விட்டுட்டு நடந்து வா."

"இங்க நிறுத்தக்கூடாது. தீயணைப்பு வண்டி வர்ற வழி."

"எந்தத் தீடா? காலைலேருந்து ஒரு அடுப்பைப் பத்த வைக்கவே நாங்க படாத பாடு பட்டோம்."

"அதுவும் இல்லாம பேர் பதியாம விருந்தாளி உள்ள வரக்கூடாது. ஆபீஸ் பூட்டியிருக்கு."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

கார்ச் சாவியைக் கையில் உருட்டினான். "நிக்கலாம். இல்லாட்டிப் போகலாம்."

நான் அந்தச் சாவியையே பார்த்தேன். போகாதே என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா" என்று கத்திவிட்டேன்.

"மெதுவாப் பேசு. அமைதி நேரம்," என்றான் அவன், பலகையைக் காட்டி.

"யாருடா இருக்கா இங்க எந்திரிக்கிறதுக்கு?"

"எழுதியிருக்குல்ல."

எழுதியிருந்தது. நான் மட்டும் என்ன, அவன் அக்காதானே. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். கடலோ எங்களைக் கேட்டா இரைகிறது? கிசுகிசுத்தால் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. சண்டை போட வேண்டுமென்றால் கம்பத்தின் மேல் சாய்ந்து தலையோடு தலை முட்டுகிற மாதிரி நெருங்க வேண்டியிருந்தது. காருக்குள் வந்து உட்கார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்று என் காதுக்குள் சொன்னான். "நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வண்டியக் கொண்டு போயிட்ட. வந்து பாத்தா அம்மா வீட்டுத் தோட்டத்துல அது நின்ன எடத்துல புல்லு மஞ்சளாக் கெடக்கு. அப்புறம் ரெண்டு வருஷம் அங்க புல்லே சரியா வரல."

"எதுக்குக் கேக்கணும்? அம்மா எனக்குக் குடுத்தது. அவ வாயாலயே சொன்னா."

"என்னன்னு சொன்னா?"

"ஆஸ்பத்திரில சூப் குடுத்துக்கிட்டு இருந்தேன். 'டோரித், கேரவன் உனக்குத்தான். ஹென்னிங்கிட்ட இப்பச் சொல்லாத, மனசு கஷ்டப்படுவான்'னு சொன்னா. அதான் சொல்லல."

அவன் தலையைப் பின்னால் இழுத்து என்னையே பார்த்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறான் என்று நினைத்து நானும் முறைத்தேன்.

"எனக்குச் சமையக்கட்டுல சொன்னா," என்றான் கடைசியில். "உருளக்கெழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தோம். 'ஹென்னிங், கேரவன் உனக்குத்தான். டோரித்துகிட்ட சொல்லாத, அவ தாங்க மாட்டா'ன்னு."

அந்தக் கிழவி உயிரோடு எதிரில் நின்றிருந்தால் நல்லாக் கேட்டிருப்பேன். ஆறு வருஷம். ஆளுக்கொரு ரகசியத்தை ஊட்டிவிட்டு, நல்லபடியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மரங்களுக்கு நடுவிலிருந்து ஆர்னோ வந்தார். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் இரண்டு கோப்பை. அமைதி நேரமாயிற்றே, உறைந்த மண்ணில் திருடனைப் போல நுனிக்காலில் நடந்து வந்தார். என்ன இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று கிசுகிசுப்பாகக் கேட்டார். சொன்னேன்.

ஆர்னோ கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே காதுவரை சிவந்தார். "எங்கிட்டயும் சொன்னாங்களே," என்றார். "'ஆர்னோ, உன்ன விட்டா இத யாரு இழுத்துட்டுப் போவா, நீயே வச்சுக்கோ'ன்னு. பிள்ளைங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. நானும் சொல்லல."

முதலில் ஹென்னிங்தான் சிரித்தான். சிரித்ததும் பலகை ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்ததில் எனக்கு விலாவே வலித்துவிட்டது. ஆர்னோ கோப்பைகளைக் கம்பத்தின் மேல் வைக்கப் பார்த்தார், நிற்கவில்லை, எங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தபடியே நுனிக்காலில் திரும்பிப் போனார்.

சிரிப்பு அடங்கியதும் மறுபடி காற்றுதான் கேட்டது. ஹென்னிங் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வண்டி பெருசில்ல," என்றான். இப்போது அவனாகவே நெருங்கிச் சாய்ந்தான். "ரெண்டு வருஷம் நாந்தானே அவளப் பாத்துக்கிட்டேன். ராத்திரியெல்லாம் எழுப்புவா. நீ ஞாயித்துக்கிழம கேக் வாங்கிட்டு வருவ, உன்னப் பாத்தா அவ முகம் பூரா சிரிப்பு. அதெல்லாம் சரி. ஆனா நீ பாட்டுக்கு வண்டிய இழுத்துட்டுப் போனதும், நான் அந்த வீட்டுல இருந்ததே யாருக்கும் தெரியாத மாதிரி ஆயிடுச்சு."

"எனக்குத் தெரியும்டா," என்றேன். "அவளும் தெரிஞ்சுதான் இருந்தா. 'ஹென்னிங் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்'னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லுவா. எனக்குக் கேட்டுக் கேட்டு எரிச்சலா வரும்."

"எங்கிட்ட ஒருநாள் சொன்னதில்ல."

"அதான் அம்மா. யாருகிட்ட எதச் சொல்லணுமோ அத அவங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டா."

அவன் காருக்குப் போய்ப் பின்சீட்டிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்து, கம்பத்துக்கு மேலாக என் தோளில் போட்டான். நான் அவனுடைய மகளைப் பற்றிக் கேட்டேன். அவன் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான். அம்மா வீட்டை வாங்கியவர்கள் பின்பக்கத்துச் செர்ரி மரத்தை வெட்டிவிட்டார்களாம், அதற்கு இருவருமாகச் சேர்ந்து கொஞ்ச நேரம் திட்டினோம். கால் எனக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனாலும் ஒரு தடவைகூட அவன் சாவியைக் கையில் எடுக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மணி வாக்கில், குளிர்கால வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது முகாமைப் பார்த்துக்கொள்ளும் திருமதி வோஸ் சைக்கிளில் வந்தாள். இறங்கி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இது, ரெண்டு பேர் உதடும் நீலம் பாரிச்சுக் கெடக்கு. இங்க எதுக்கு நிக்கறீங்க?"

"மதிய அமைதி நேரம்," என்றேன். "கம்பம் மூடியிருக்கு."

"அது ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தானே. கீழ எழுதியிருக்கு பாருங்க. இப்ப யாரோட தூக்கத்தக் கெடுக்கப் போறீங்க?" கம்பத்தின் நுனியில் ஒரு விரலை வைத்து மேலே தள்ளினாள். அது தானாகவே எழும்பியது. "குளிர்காலத்துல இதப் பூட்டுறதே இல்ல. காத்துல திறந்து திறந்து அடிக்குதேன்னு எறக்கி வைப்பேன்." தலையை ஆட்டிக்கொண்டே அலுவலகத்தைத் திறந்து உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இரண்டு மணி நேரம். பூட்டு இல்லாத ஒரு கம்பத்துக்கு இரண்டு பக்கமும் மாடு மாதிரி நின்றிருக்கிறோம். நான் படிக்கவில்லை, சரி, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பால் டப்பாவைப் படிக்கிறவன் பக்கம் திரும்பினேன்.

"ஹென்னிங். நீ கீழ படிக்கலியா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஹென்னிங்."

"வந்து எறங்குனதுமே படிச்சிட்டேன்."

"படிச்சிட்டு என்ன இந்தக் குளிர்ல நிக்க வச்சியா?"

"உள்ள வந்தா அம்மா இல்லாத வண்டியப் பாக்கணும்," என்றான். இப்போது கிசுகிசுக்கத் தேவையில்லை, ஆனாலும் கிசுகிசுத்தான். "திரும்பிப் போனா, நீ இன்னொரு தடவ கூப்பிட மாட்ட. இங்க நின்னா ரெண்டும் வேண்டியதில்ல. கொஞ்ச நேரம் நின்னு பாக்கலாம்னு நெனச்சேன்."

"கொஞ்ச நேரமாடா இது?"

"இவ்ளோ நேரம் ஆகும்னு எனக்கென்ன தெரியும்."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். போர்வையும் கோட்டுமாக இரண்டு மூட்டைகள் முட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்திருக்கும். அப்புறம் அவன் முதுகில் ஒன்று வைத்து, "கார்ல ஏறு" என்றேன்.

உள்ளே மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் என்று இன்னொரு பலகை உண்டு. நான் மரத்துப்போன காலோடு முன்னால் நொண்டிக்கொண்டு போக, அவன் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தான். சீக்கிரம் வாடா என்று கையை ஆட்டினேன். சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பலகையைக் காட்டினான்.

கேரவன் முன்னால் இறங்கி, படியில் ஒரு காலை வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு சரியான இடத்தில் தலையைக் குனிந்து உள்ளே போனான். ஆர்னோ இன்றைக்கும் தினம் இரண்டு தடவை இடித்துக்கொள்கிற கதவு அது. போனவன் நேராகச் சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அதற்காக நாங்கள் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

"எந்திரி. அது என் எடம்," என்றேன்.

"அம்மா எனக்குத்தான்னு சொன்னா," என்றான் அவன், கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "உங்கிட்ட சொல்ல வேணாம்னா."

"தள்ளி உக்காருடா," என்று நானும் அந்த பெஞ்சிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.