எச்சில் விழுங்காத நாலு நிமிஷம்

குரல் மறுபடி கம்மத் தொடங்கியதைக் காளிராஜ் தன் மனைவி கோகிலாவிடமிருந்து மறைக்கப் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் "ஏட்டி, தண்ணி" என்று கேட்கிற மனிதர், நாலைந்து நாளாகத் தானே போய் மொண்டு குடித்தார். போன் வந்தால் அவளிடம் நீட்டினார்.

கோகிலா அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

"கோ..." என்று தொடங்கினார். மீதி வெறும் காற்றாகத்தான் வந்தது.

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சுச் சிகிச்சையான கரண்ட் வைத்து, நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் இருவரும் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் ஷீலா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"உள்ளே வீங்கியிருக்கு. கரண்ட் வச்ச இடம் இப்படி வீங்குறதும் உண்டு. நோய் திரும்பினாலும் இப்படித்தான் இருக்கும்."

"சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவீங்களே மேடம்?" என்று கோகிலா கேட்டாள்.

"கரண்ட் பட்ட இடத்துல கண்டபடி சதை எடுத்தா புண் லேசுல ஆறாது. முதல்ல எம்.ஆர்.ஐ. பார்ப்போம். எடுக்கணுமா, எடுத்தா எந்த இடத்துலன்னு அதுல தெரியும்."

ஸ்கேன் அறையில்தான் சிக்கல் வந்தது. அங்கே படம் எடுக்கிற வாசிம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "அண்ணாச்சி, மெஷின் சத்தம் ஓடும்போது விழுங்கக் கூடாது, இருமக் கூடாது. தொண்டை அசைஞ்சா படம் கலங்கிரும். சத்தம் நின்னதும் விழுங்கிக்கிடுங்க."

கரண்ட் வைத்ததிலிருந்து காளிராஜுக்கு வாய் வறண்டே கிடக்கும். நிமிஷத்துக்கு ஒரு தரம் விழுங்கத் தோன்றும். மெஷின் இரைச்சலுக்காகக் காதையும் பஞ்சு வைத்து அடைத்திருந்ததால் சத்தம் எப்போது நின்றது, எப்போது தொடங்கியது என்று பிடிபடவில்லை. இரண்டு தடவை எடுத்த படங்களும் கலங்கிப் போயின. வெளியே வந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னால ஆகல. வீட்டுக்குப் போவோம்."

கோகிலா வாசிமைப் பார்த்தாள். "தம்பி, நான் உள்ள நிக்கலாமா? இவங்க காலைப் பிடிச்சுக்கிடுதேன். தறி ஓடும்போது எங்களுக்குப் பேச்சுக் கேக்காது. தொட்டுத்தான் சொல்லிக்கிடுவோம்."

காந்த மெஷின் என்பதால், உடம்புக்குள் உலோகம் ஏதும் வைத்திருக்கிறதா என்று வாசிம் அவளிடம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். வளையல், கம்மல், சேலையில் குத்திய ஊக்கு எல்லாம் கழன்றன. மெட்டி இறுகிப் போயிருந்தது. சோப்புப் போட்டு இழுத்ததில் விரல் சிவந்தது. தாலிக்கொடியில் கை வைத்தவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு அதையும் கழற்றிக் கொடுத்தாள்.

அவருடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் ஓடும்வரை அழுத்திப் பிடித்தாள். நின்றதும் பிடியைத் தளர்த்தினாள். தளர்ந்தால் அவர் விழுங்கலாம். நாலு நிமிஷம் ஓடிய ஒரு சுற்றில் அவர் கால்விரல்கள் மடங்கித் துடித்தன. இருமல் முட்டுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளங்காலைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் எச்சில் விழுங்கவில்லை.

படம் தெளிவாக விழுந்தது. வெளியே வந்ததும் காளிராஜ் யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, அவளுடைய மெட்டியைத் தானே போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஷீலா படத்தைத் திரையில் காட்டினார். வீக்கம் வெள்ளையாகத் தெரிந்தது, தழும்பு கறுப்பாக. வலப்பக்கக் குரல்நாணில் மிளகு அளவு ஓர் இடம் மட்டும் இரண்டிலும் சேராமல் சாம்பலாக இருந்தது. அங்கே மட்டும் சதை எடுத்தார்கள். நோய் திரும்பியிருந்தது.

"சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டோம். குரல்வளையை முழுசா எடுக்க வேண்டாம், அந்த நாண் மட்டும் போதும். குரல் கரகரன்னு இருக்கும். ஆனா பேசலாம்."

டீக்கடையில் காளிராஜ் வெகுநேரம் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். "ஏட்டி, அப்புறம் நான் பேசுறது உனக்கே கேக்காது."

"தறிக்கூடத்துல நீங்க பேசுனதுல பாதி எனக்குக் கேட்டதே இல்ல. இனிமே பக்கத்துல வந்து பேசுங்க" என்றாள் கோகிலா.

அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறார்கள். இதுவரை நல்ல பதில்தான். போகும்போது இருவருக்கும் பேச்சு வருவதில்லை. திரும்பும்போது பஸ் தேவர்குளம் தாண்டுவதற்குள் கோகிலா தூங்கிவிடுகிறாள்; வெயில் அவள் முகத்தில் விழாதபடி காளிராஜ் ஜன்னலில் துண்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.