ஏரிக்கரையில் எழுந்த பறை

திருச்சிராப்பள்ளிக்குத் தென்மேற்கே, வையம்பட்டியையும் கடந்து, கருங்கல்லும் காரைமுள்ளும் விரவிக் கிடக்கும் வறண்ட நிலத்தில், அந்தி மயங்கும் வேளையில், ஒரே ஏரியை நம்பிய இரண்டு சிற்றூர்கள் மழையில் நனைந்து நடுங்கின, அறிவுடையீர்! ஏரிக்கு மேற்கே மேட்டில் மேலைப்பாறை. கரைக்குக் கிழக்கே பள்ளத்தில் கீழைப்பாறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இவற்றுக்குள்ளேயே. வாய்க்கால் சண்டையும் அவ்வாறே. மூன்று ஆண்டுகள் எட்டிப்பாராத மழை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் கண்மண் தெரியாமல் கொட்டித் தீர்த்தது.

மேலைப்பாறையின் ஏரிக்காவலர் வீரமலை, நடுக்கரை கசிவதைக் கண்டு நெஞ்சு பதறினார். அது தானே உடைந்தால் கீழைப்பாறையில் ஓருயிரும் எஞ்சாது. கரையின் வடகோடியை வெட்டிவிட்டாலோ, வீடுகள் மூழ்கினும், ஊருக்குப் பின்னுள்ள பாறையில் ஏறியோர் பிழைப்பர். அவருடைய ஒரே மகள் காளியாயி, கைக்குழந்தையுடன் கீழைப்பாறையில்தான் வாழ்ந்துவந்தாள்.

"வெட்டிருங்க வீரமலை, கரை தாங்காது!" என்று ஊர்ப்பெரியவர் துடித்தார்.

"பொறுங்க. எம் பொண்ணு அங்க இருக்கு. சனம் மொதல்ல பாறை ஏறட்டும்."

கரைமேல் நின்று, கை சிவக்கச் சிவக்கப் பறையை முழக்கினார். சற்றைக்கெல்லாம், மழையைக் கிழித்துக்கொண்டு, கீழிருந்து பெண்டிரின் குலவையொலி எழுந்தது. செய்தி சேர்ந்துவிட்டது, மறுமொழி தருகிறார்கள் என்று தேறிய வீரமலை, அவர்கள் ஏறுமளவும் காத்திருந்து, மண்வெட்டியை ஓங்கினார்.

விடிந்தபோது கீழைப்பாறை இருந்த இடத்தில் செந்நீரே பரந்து கிடந்தது. வெள்ளம் அடித்துப் பாறையில் ஒதுக்கித் தப்பிய மிகச் சிலருள் காளியாயியும் இருந்தாள். அவள் கைகள் வெறுமையாயிருந்தன.

"பறை கேட்டுச்சுப்பா," என்றாள். "ஏரி நெறஞ்சா அடிக்கிறதுதானே? மூணு வருசம் கழிச்சு நெறஞ்சிருச்சுன்னு சந்தோசத்துல எல்லாருமாக் குலவை போட்டோம். புள்ளையத் தொட்டில்ல போட்டுட்டுத்தான் வாசலுக்கு வந்தேன்."

மகிழ்ச்சிக்கு ஒரு முழக்கு வகுத்த முன்னோர், அச்சத்துக்கு வேறொன்று வகுக்க மறந்திருந்தனர். அம்மறதி ஓர் ஊரையே விழுங்கிற்று. கீழைப்பாறையில் பின்னர் எவரும் குடியேறவில்லை. தந்தை வீட்டுக்கே திரும்பிவிட்ட காளியாயி, வேளை தவறாமல் அவருக்குச் சோறிட்டாள். ஒருநாளும் ஒரு சொல் வைதாளில்லை. வைதிருந்தாலாவது, அந்த மனிதர் வாய்விட்டு அழுதிருப்பார்.